ஒரு பக்கத்துக்கு 70 ரூபாய்: வீட்டுக்கு இரண்டாவது பிரிண்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரி சேமிப்புன்னு எழுதுற இடத்துல திடீர்னு பிரிண்டரைப் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. இதுவும் பணத்தைப் பத்தின கட்டுரைதான். நான் 12,600 ரூபாயைத் தேவையே இல்லாம செலவு பண்ணின கதை இது. அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைச்சது மொத்தம் 180 பக்கம். வகுத்துப் பாருங்க, ஒரு பக்கத்துக்கு 70 ரூபாய்! எங்க தெருமுனை ஜெராக்ஸ் கடையில அதே பக்கம் 5 ரூபாய்.

இத்தனைக்கும் வீட்டுல ஏற்கெனவே நல்லா ஓடிட்டிருந்த ஒரு பிரிண்டர் இருந்தது. அப்புறம் ஏன் வாங்கினேன்?

அன்னைக்கு ராத்திரி என்ன நடந்தது?

எங்க வீட்டுல மூணு கம்ப்யூட்டர். என்னோடது விண்டோஸ் லேப்டாப். மனைவி டிசைனர், அவங்ககிட்ட மேக்புக். எங்ககூட தங்கி இன்ஜினியரிங் படிக்கிற தம்பிகிட்ட ஒரு பழைய லேப்டாப், அதுல உபுண்டு லினக்ஸ். பிரிண்டர் ஒண்ணே ஒண்ணு: 2019-ல 11,000 ரூபாய்க்கு வாங்கின கறுப்பு வெள்ளை லேசர். வைஃபை கிடையாது, யூஎஸ்பி கேபிள் மட்டும்தான்.

ஹோம் லோனுக்காக அடுத்த நாள் காலையில பேங்க்ல பேப்பர் கொடுக்கணும். ரெண்டு பேரோட சேலரி ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேணும். சாயங்காலம் என் லேப்டாப் அப்டேட்ல மாட்டிக்கிட்டு சுத்திக்கிட்டே இருந்தது. சரி, மேக்ல இருந்து எடுக்கலாம்னு கேபிளைச் சொருகினா, அது அந்தப் பிரிண்டரைக் கண்டுக்கவே இல்ல. என் லேப்டாப் ஒருவழியா எழுந்ததும் பிரிண்டரை ஷேர் பண்ணிப் பார்த்தேன். மேக்ல பிரிண்டர் பேரு வந்தது. ஆனா "எந்த டிரைவர்?"னு கேட்டது. அந்த மாடலுக்கு அந்த மேக்ல ஓடுற டிரைவரே இல்ல.

"என்னங்க, கடையைச் சாத்திடப் போறாங்க"ன்னு மனைவி சொன்னாங்க. அவங்க சொன்னது ஜெராக்ஸ் கடையை. என் காதுல விழுந்தது எலக்ட்ரானிக்ஸ் கடை! எட்டரை மணிக்கு ஓடினேன். "மேக்னா இதுதான் சார் சப்போர்ட் பண்ணும்"னு ஒரு கலர் இங்க்ஜெட்டைக் கையில கொடுத்தாங்க. 9,200 ரூபாய். அடுத்த 14 மாசத்துல காஞ்சுபோன கார்ட்ரிட்ஜை ரெண்டு தடவை மாத்தினதுல 3,400 ரூபாய். கடைசியில ஹெட் அடைச்சு, இப்போ அது பரண்ல இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப உறுத்துறது எது தெரியுமா? அந்தப் பழைய லேசரை மூணு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக்குறதுக்குத் தேவைப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். செலவு பூஜ்யம். 14 மாசம் கழிச்சு என் தம்பிதான் அதைச் செஞ்சு காட்டினான்.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்

டெக்னிக்குக்குப் போறதுக்கு முன்னாடி, உங்களுக்குப் பிரிண்டரே தேவையான்னு பார்க்கலாம்.

ஒரு புது லேசர் 14,000 ரூபாய்னு வச்சுக்குவோம். என் வீட்டுக் கணக்குல டோனர் ரீஃபில், பேப்பர் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 1 ரூபாய் ஆகுது. கடையில 5 ரூபாய். அப்போ பக்கத்துக்கு 4 ரூபாய் மிச்சம். போட்ட 14,000 திரும்பி வர 3,500 பக்கம் எடுத்தாகணும். மாசம் 40 பக்கம் எடுக்கிற வீடுன்னா, ஏழு வருஷத்துக்கு மேல ஆகும்!

அதனால மாசம் 40 பக்கத்துக்குள்ள எடுக்கிறவங்களுக்கு, பண ரீதியா பிரிண்டர் வாங்குறது லாபமே இல்ல. ஆனா ஒரு விஷயம் இந்தக் கணக்குல வராது. ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் கடைக்காரரோட வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டு வர்றோம். அது அந்த போன்ல எத்தனை மாசம் கிடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. வீட்டுல பிரிண்டர் இருக்கிறதோட உண்மையான லாபம் அந்த நிம்மதிதான். கடையிலதான் எடுக்கணும்னா, ஆதாரோட கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்துல டவுன்லோடு பண்ணிக்கலாம். அதை ஏத்துக்கிற இடத்துல அதையே கொடுங்க. பிரிண்ட் எடுத்ததும், அனுப்பின ஃபைலை "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" கொடுத்துட்டு வாங்க. அவங்க ஏற்கெனவே டவுன்லோடு பண்ணியிருந்தா அந்தக் காப்பி போகாது, அதையும் அழிக்கச் சொல்லிக் கேளுங்க. கூச்சப்பட வேண்டாம்.

இப்போ முக்கியமான பாயின்ட். ஏற்கெனவே ஒரு பிரிண்டர் இருக்குன்னா, இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். முதல் பிரிண்டரே போட்ட காசை எடுத்திருக்காது. அதுக்குள்ள இரண்டாவது எதுக்கு?

சிக்கல் எங்க இருக்கு? ஒரு மொழிபெயர்ப்பாளர் கதை

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணும் வேற வேற. அதனால பிரிண்டரும் வேற வேறன்னு நாம நினைச்சுக்கிறோம். அது தப்பு.

பிரிண்டருக்கு ஒரு மொழி தெரியும். உங்க பிடிஎஃப் வேற மொழியில இருக்கு. நடுவுல மொழிபெயர்க்கிறவர்தான் டிரைவர். அந்த மொழிபெயர்ப்பாளர் எங்க உட்கார்ந்திருக்கார்ங்கிறதுதான் கேள்வியே. மூணு இடத்துல உட்காரலாம்:

1. பிரிண்டருக்குள்ளேயே. புது வைஃபை பிரிண்டர்கள்ல பெரும்பாலும் இப்படித்தான். எந்தக் கம்ப்யூட்டரும் பொதுவான மொழியில பேசினா போதும்.
2. கேபிள் சொருகியிருக்கிற கம்ப்யூட்டர்ல. மத்தவங்க பொது மொழியில அனுப்புவாங்க. இந்தக் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துப் பிரிண்டருக்குக் கொடுக்கும்.
3. அனுப்புற ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும். அப்படின்னா ஒவ்வொண்ணுலயும் அந்த மாடலுக்கான டிரைவர் இருந்தாகணும்.

என் வீட்டுல நான் மாட்டிக்கிட்டது மூணாவதுல. விண்டோஸ்ல இருந்து சாதாரணமா ஷேர் பண்ணும்போது, மேக்கும் லினக்ஸும் தங்களோட சொந்த டிரைவரை வச்சு மொழிபெயர்த்து அனுப்பணும். விண்டோஸ் அதை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும். மேக்ல டிரைவர் இல்ல, கதை முடிஞ்சது. தம்பி என்ன பண்ணினான்? கேபிளை எடுத்து அவனோட உபுண்டு லேப்டாப்ல சொருகினான். மூணாவது இடத்துல இருந்த மொழிபெயர்ப்பாளரை இரண்டாவது இடத்துக்கு மாத்தினான். அவ்வளவுதான்!

அந்தப் பொது மொழிக்குப் பேரு ஐபிபி, அதாவது இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால். லினக்ஸ்ல பிரிண்ட் வேலையைப் பார்க்கிறது கப்ஸ்ங்கிற மென்பொருள். 1999-ல வெளிவந்தது. 2002-ல ஆப்பிள் தன்னோட மேக்குக்குள்ள அதையே எடுத்து வச்சுக்கிச்சு. அதனால மேக்கும் லினக்ஸும் பிரிண்ட் விஷயத்துல பங்காளிங்க. 2010-ல ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டும் ஐபிபி மேல கட்டினதுதான். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் ஐபிபி தெரியும். ஆக, மூணு பேருக்கும் பொதுவான மொழி ஏற்கெனவே இருக்கு. நாமதான் அதைப் பயன்படுத்துறதில்ல.

வழி 1: பிரிண்டர்ல வைஃபை இருந்தா

இதுதான் ரொம்ப சுலபம். பிரிண்டரை எந்தக் கம்ப்யூட்டரோடயும் கட்டாதீங்க. நேரா ரவுட்டரோட இணைச்சுடுங்க. அதுக்கப்புறம் "ஷேரிங்"னு ஒண்ணு தேவையே இல்ல. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியா அதைச் சேர்த்துக்கும்.

- விண்டோஸ் 11: செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ்.
- மேக்: சிஸ்டம் செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் பிரிண்டர். கீழே "யூஸ்"ங்கிற இடத்துல ஏர்பிரிண்ட் இருந்தா அதையே வச்சுக்குங்க.
- உபுண்டு: செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் போனா, பெரும்பாலும் தானாவே வந்து நிக்கும்.

ரெண்டு விஷயத்துல கவனம். நிறைய பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பேரைத் தேடிக்கிட்டு உட்காராதீங்க. இரண்டாவது, ரவுட்டர் சில நாள் கழிச்சுப் பிரிண்டருக்கு வேற ஐபி எண் கொடுத்துடும். "நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ஆஃப்லைன்னு காட்டுது"ங்கிற புகாருக்கு நிறைய நேரம் இதுதான் காரணம். ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு ஒண்ணு இருக்கும். பிரிண்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமா கொடுத்துடுங்க.

வழி 2: யூஎஸ்பி மட்டும் இருந்தா, லினக்ஸ் அல்லது மேக்கை நடுவுல வைங்க

என் வீட்டுல இப்போ ஓடுறது இதுதான். நடுவுல இருக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும் அந்தப் பிரிண்டரோட டிரைவர் ஓடினா போதும். முதல்ல அதுல கேபிளைச் சொருகி ஒரு டெஸ்ட் பேஜ் எடுங்க. அது வரலன்னா மேல போகவே வேண்டாம். எச்பி பிரிண்டரா இருந்தா லினக்ஸ்ல எச்பிலிப்ங்கிற மென்பொருள் நிறைய பழைய மாடல்களையும் ஓட வைக்கும். சில மாடலுக்குக் கூடவே ஒரு ப்ளகின் கேட்கும், கொடுத்துடுங்க.

உபுண்டுல, பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட்னு போட்டு, கோலன் போட்டு 631-னு அடிங்க. கப்ஸோட பக்கம் வரும். அதுல அட்மினிஸ்ட்ரேஷன்ங்கிற டேப்ல, இந்தக் கம்ப்யூட்டர்ல இணைச்ச பிரிண்டர்களை ஷேர் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். டிக் பண்ணி சேவ் கொடுங்க. அப்புறம் அந்தக் குறிப்பிட்ட பிரிண்டரை மாடிஃபை பண்ணி, அதுலயும் ஷேர் பண்ணுங்கிறதை டிக் பண்ணுங்க. ரெண்டு இடத்துலயும் பண்ணணும். நிறைய பேரு முதலாவதோட நிறுத்திட்டு "வரலையே"ன்னு தேடுவாங்க.

நடுவுல மேக் இருந்தா இன்னும் சுலபம். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், அதுல பிரிண்டர் ஷேரிங்கை ஆன் பண்ணுங்க.

இப்போ மத்த மேக், லினக்ஸ்ல, நடுவுல இருக்கிறது லினக்ஸா இருந்தா பெரும்பாலான ஐபோன், ஆண்ட்ராய்டு போன்ல கூட அந்தப் பழைய லேசர் ஒரு வைஃபை பிரிண்டர் மாதிரி தெரியும். விண்டோஸ்ல ஆட் டிவைஸ்ல வரலன்னா, "ஆட் மேனுவலி" கொடுத்து, பேரு அல்லது முகவரியை வச்சு ஷேர்டு பிரிண்டரைச் சேர்க்கிற இடத்துக்குப் போங்க. முகவரி இந்த வரிசையில வரும்: எச்டிடிபி, நடுவுல இருக்கிற கம்ப்யூட்டரோட ஐபி எண், கோலன் 631, ஸ்லாஷ் பிரிண்டர்ஸ், ஸ்லாஷ் பிரிண்டரோட க்யூ பேரு. அந்தக் க்யூ பேரு கப்ஸ் பக்கத்துலயே எழுதியிருக்கும். இடைவெளி இல்லாத சின்னப் பேரா வச்சா உங்களுக்கே நல்லது.

இதோட ஒரே குறை, நடுவுல இருக்கிற கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கணும். அது தூங்கிடுச்சுன்னா பிரிண்டரும் தூங்கிடும்.

வழி 3: விண்டோஸ்தான் நடுவுல இருக்கணும்னா

வேற வழி இல்லன்னா இதைச் செய்யலாம். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஷேரிங்ங்கிற டேப் போய், ஷேர் திஸ் பிரிண்டரை டிக் பண்ணி, சின்னதா ஒரு பேரு கொடுங்க. வைஃபை நெட்வொர்க்கை "பிரைவேட்"னு மாத்துங்க. அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ரெண்டையும் ஆன் பண்ணுங்க.

மேக்ல ஆட் பிரிண்டர் ஜன்னல்ல விண்டோஸ்னு ஒரு தனி டேப் இருக்கும். அதுல ஒர்க்குரூப், கம்ப்யூட்டர், பிரிண்டர்னு உள்ள போகணும். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். இங்கதான் நிறைய பேரு அரை மணி நேரத்தைத் தொலைப்பாங்க. நீங்க தினமும் அடிக்கிற 4 இலக்க பின் இங்க செல்லாது. அந்த அக்கவுன்ட்டோட முழு பாஸ்வேர்டைத்தான் கொடுக்கணும்.

ஆனா மறந்துடாதீங்க: இந்த வழியில அனுப்புற மேக்லயும் லினக்ஸ்லயும் அந்த மாடலுக்கான டிரைவர் வேணும். அது இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா நேரா வழி 2-க்குப் போங்க. நான் அன்னைக்கு ராத்திரி இதைத் தெரிஞ்சு வச்சிருந்தா, 9,200 ரூபாய் பேங்க்லயே இருந்திருக்கும்.

வழி 4: பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெரி பை

பரண்ல ஒரு பழைய லேப்டாப் இருந்தா அதுல லினக்ஸ் போட்டு, பிரிண்டர் பக்கத்துலயே வச்சுடலாம். ஆனா 24 மணி நேரமும் ஓட விடாதீங்க. 20 வாட் எடுக்கிற லேப்டாப் நாள் முழுக்க ஓடினா கிட்டத்தட்ட அரை யூனிட், மாசத்துக்கு 14, 15 யூனிட். தேவைப்படும்போது ஆன் பண்ணினா போதும்.

ராஸ்பெரி பை சில வாட்லயே ஓடிடும். ஆனா காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை: அதுல இருக்கிறது ஏஆர்எம் சிப். சில பிரிண்டர் கம்பெனிகளோட லினக்ஸ் டிரைவர் இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு மட்டும்தான் வரும். உங்க மாடலுக்கு ஏஆர்எம் டிரைவர் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. இல்லன்னா அதுவும் பரணுக்குத்தான் போகும். எங்க பரண்ல இடம் இல்ல, உங்க பரண்ல இருக்கான்னு தெரியல!

ஓடலையா? கடைக்கு ஓடாம இந்த நாலைப் பாருங்க

1. எல்லாம் ஒரே வைஃபையில இருக்கா? பிரிண்டர் மெயின் நெட்வொர்க்லயும் லேப்டாப் கெஸ்ட் நெட்வொர்க்லயும் இருந்தா ஒண்ணை ஒண்ணு பார்க்காது. பல பிஜி, ஹாஸ்டல் வைஃபையில ஒருத்தரோட கருவி இன்னொருத்தருக்குத் தெரியாத மாதிரியே வச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு ஏபி ஐசொலேஷன். அங்க நீங்க என்ன பண்ணினாலும் வராது.
2. பேப்பர் சைஸ் ஏ4-ல இருக்கா? மேக், லினக்ஸ் சில நேரம் "லெட்டர்"ங்கிற அமெரிக்க சைஸ்ல நிக்கும். பிரிண்டர் அந்தப் பேப்பருக்காகக் காத்துக்கிட்டு லைட்டை மட்டும் சிமிட்டும். நாம பிரிண்டர் போச்சுன்னு நினைச்சுக்குவோம்.
3. க்யூல பழைய ஜாப் மாட்டியிருக்கா? எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு மறுபடியும் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்க.
4. அனுப்புறது பிடிஎஃப்பா? வேர்டு ஃபைலை மூணு சிஸ்டத்துலயும் திறந்தா மூணு மாதிரி தெரியும், தமிழ் எழுத்துரு இருந்தா இன்னும் மோசம். எப்பவும் பிடிஎஃப் ஆக்கிட்டு அனுப்புங்க.

ஆபீஸ் லேப்டாப்ல கை வைக்காதீங்க

ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்றவங்க கவனிங்க. ஆபீஸ் விபிஎன் ஆன்ல இருக்கும்போது வீட்டுப் பிரிண்டர் காணாம போறது சகஜம். விபிஎன் எல்லா டிராஃபிக்கையும் ஆபீஸ் பக்கம் இழுத்துக்கிற மாதிரி வச்சிருப்பாங்க. அதை ஏமாத்த குறுக்கு வழி தேடாதீங்க. ஐடி டீம் கிட்ட கேட்காம டிரைவர் போடுறது, கம்பெனி ஃபைலை உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்கிறது ரெண்டுமே வேலைக்கே வினையா முடியலாம். 5 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சம்பளத்தைப் பணயம் வைக்காதீங்க. உங்க சேலரி ஸ்லிப்பை போன்ல இருந்தோ சொந்த லேப்டாப்ல இருந்தோ எடுங்க.

கதவைத் திறந்து போடாதீங்க

பிரிண்டர் ஷேரிங்னா உங்க நெட்வொர்க்ல ஒரு கதவைத் திறக்கிறோம்னு அர்த்தம். 2021 ஜூலையில விண்டோஸோட பிரிண்ட் ஸ்பூலர்ல பிரிண்ட்நைட்மேர்ங்கிற பெரிய ஓட்டை வெளியே வந்தது. 2024 செப்டம்பர்ல கப்ஸோட துணை மென்பொருள்கள்ல சில ஓட்டைகளைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டுக்கும் அப்டேட் வந்தாச்சு. அதனால அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. "இந்தப் பாதுகாப்பை ஆஃப் பண்ணினா பிரிண்டர் ஓடும்"னு யாராவது சொன்னா செய்யாதீங்க. ரவுட்டர்ல 631-ஐ வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. காபி ஷாப், ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில போகும்போது விண்டோஸ்ல நெட்வொர்க் "பப்ளிக்"னு இருக்கணும்.

ரூம்மேட்ஸோட பகிர்ந்துக்கிறீங்களா?

நாலு பேரு ஒரு ஃபிளாட்ல இருந்தா, பிரிண்டர் ஒருத்தரோடது, டோனர் செலவும் அவரோடது, பிரிண்ட் மட்டும் நாலு பேருக்கும்னு போகும். ஆறு மாசத்துல மனஸ்தாபம் வரும். அதுக்கு ஒரு சுலபமான வழி: பக்கத்துக்கு 2 ரூபாய்னு வச்சு, பிரிண்டர் மேல ஒரு உண்டியல் வைங்க, இல்லன்னா மாசக் கடைசியில யுபிஐ-ல போடச் சொல்லுங்க. 1 ரூபாய் டோனருக்கும் பேப்பருக்கும். இன்னொரு 1 ரூபாய் பிரிண்டர் வாங்கினவருக்கு. கடையை விட எல்லாருக்கும் பக்கத்துக்கு 3 ரூபாய் மிச்சம், வாங்கினவருக்கும் நஷ்டம் இல்ல.

அப்போ எப்பதான் புதுசு வாங்கலாம்?

பழசோட ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டினா வாங்கலாம். உங்ககிட்ட இருக்கிற எந்தக் கம்ப்யூட்டர்லயும் அதுக்கு டிரைவர் இல்லன்னாலும் வாங்கலாம். அப்படி வாங்கும்போது, பெட்டி மேல ஏர்பிரிண்ட், மோப்ரியா ரெண்டு பேரும் இருக்கான்னு பாருங்க. இருந்தா மொழிபெயர்ப்பாளர் உள்ளேயே இருக்கார்னு அர்த்தம். நாளைக்கு நீங்க விண்டோஸ்ல இருந்து மேக்குக்கு மாறினாலும் அந்தப் பிரிண்டர் கூடவே வரும். மாசத்துக்கு நாலஞ்சு பக்கம்தான் எடுப்பீங்கன்னா இங்க்ஜெட் பக்கம் போகாதீங்க. ஓடாத இங்க் காயும். டோனர் பொடி, அது காயாது.

கடைசியா ஒண்ணு

நான் தப்பு பண்ணினது பிரிண்டர் விஷயத்துல மட்டும் இல்ல. அவசரத்துல, ராத்திரி எட்டரை மணிக்கு, "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல"ங்கிற மனநிலையில ஒரு முடிவு எடுத்தேன். நம்ம வீட்டுல தேவையில்லாம வந்து சேர்ந்த பொருட்கள்ல பாதி இந்த மனநிலையில வந்ததுதான். அன்னைக்கு என் மனைவி சொன்ன கடைக்கே போயிருந்தா, 36 பக்கம், 180 ரூபாயோட வேலை முடிஞ்சிருக்கும். நிதானமா அந்த வார ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஷேரிங்கைச் சரி பண்ணியிருக்கலாம்.

லோன் கிடைச்சுது, வீடும் வாங்கியாச்சு. புது வீட்டுக்கு அந்தப் பழைய லேசரும் வந்தாச்சு. போன மாசம் மனைவி மேக்ல இருந்து பிரிண்ட் கொடுத்துட்டு, ஹால்ல மெஷின் சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. 12,600 ரூபாய்க்கான பார்வை அது!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. உங்க பிரிண்டர்ல மொழிபெயர்ப்பாளர் எங்க உட்கார்ந்திருக்கார்னு பாருங்க. மெனு எல்லாம் எங்க இருக்குன்னு கண்ணால பார்க்கணும்னா, நம்ம சேனல்ல ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட வீடியோ போட்டிருக்கேன். பரண்ல நீங்க ஏத்தி வச்ச பொருள் எது, அதுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு ஆச்சுன்னு வகுத்துப் பார்த்து கமென்ட்ல சொல்லுங்க. என் 70 ரூபாயை யாராவது முந்துறீங்களான்னு பார்ப்போம்.

அடுத்த பதிவுல சந்திப்போம்.